மூன்றாவது தூணின் அருகில் நிற்பவர்

– இன்னும் ஒரு சாண் இடப்பக்கம் தள்ளி நில்லுங்கண்ணே.

– தள்ள முடியாது தங்கச்சி. இதுதான் இடம். கீழ பாரு, என் குதிகால் பட்டுப் பட்டுத் தரையில குழியே விழுந்திருக்கு. பதினேழு வருசமா வேற எங்கயும் நின்னதில்ல நான்.

– நான் கேமராவுல பாத்துத்தான் சொல்றேன். பழைய படத்துல தூணுக்கும் அந்த ஆளுக்கும் நடுவுல ஒரு சாண் இடைவெளி இருக்கு. நீங்க தூணோட ஒட்டிக்கிட்டு நிக்கறீங்க.

– இடைவெளி எங்கயும் போகல. நடுவுல வயிறு வந்து உக்காந்துக்கிச்சு.

– அப்ப வயித்தை எக்குங்க.

– எவ்வளவு நேரம் எக்கணும்?

– எட்டு செகண்டு.

– போன வருசம் வரைக்கும் வந்தாரே படக்காரர், அவரு நாலு செகண்டுல முடிச்சிடுவாரு.

– அவர் எப்படி எடுத்தாரோ. நான் எட்டு செகண்டு லென்ஸைத் திறந்து வைக்கணும். அப்பதான் இந்தச் சினிமாக் கூட்டம் படத்துல வராது. நடக்கறவங்க எல்லாம் கரைஞ்சு போயிடுவாங்க, நிக்கறவங்க மட்டும்தான் இருப்பாங்க. நூறு வருஷத்துக்கு முந்தி எடுத்த படத்துலயும் அதே கதைதான். அப்ப இது கோர்ட்டு. அன்னைக்கும் எத்தனையோ பேர் ஏறி இறங்கியிருப்பாங்க. அசையாம நின்னவன் இவன் ஒருத்தன்தான்.

– வாய்தாவுக்கு வந்திருப்பான், பாவம். அவன் கேஸு எப்பவோ முடிஞ்சிருக்கும். அவனுக்குப் பதிலா நான்தான் இன்னும் ஆஜராகிட்டிருக்கேன்.

– நானும் கேக்கணும்னுதான் இருந்தேன். இத்தனை வருஷமா ஸ்டூடியோவுல பாஸ்போர்ட் சைசும் பொறந்தநாளும் எடுத்துட்டிருந்தவ நான். கட்டிடத்தைப் படம் எடுக்கணும்னாங்க, வந்துட்டேன். கட்டிடப் படத்துல ஆள் எதுக்குண்ணே?

– அது பெரிய கதை. கேக்க நேரம் இருக்கா உனக்கு?

– இந்தத் தூணோட நிழல் நாலாவது படியைத் தொடணும். பழைய படத்துல அப்படித்தான் இருக்கு. அதுக்கு இன்னும் அரை மணி ஆகும். சொல்லுங்க.

– கோர்ட்டு வேற இடத்துக்குப் போனதும் கட்டிடம் சும்மா கிடந்துச்சு. முதலாளி வாங்கினாரு. பழங்கட்டிட இலாகாவுல அவர்கிட்ட என்ன சொன்னாங்கன்னா, உள்ள கடை வை, தியேட்டர் வை, என்னமோ பண்ணிக்கோ, முன்பக்கம் மட்டும் அந்தப் பழைய படத்துல இருக்கிற மாதிரியே இருக்கணும். வருசத்துக்கு ஒரு தடவை அதே தேதி, அதே நேரம், அதே இடத்துல இருந்து படம் எடுத்து அனுப்பணும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாப்போம், ஒத்துப் போனா சான்றிதழ், இல்லேன்னா ஷட்டர் இறங்கிடும்னாங்க.

– நியாயமாத்தான் இருக்கு.

– கேளு. முதல் வருசம் நீ சொன்ன மாதிரியே வெறும் கட்டிடத்தை எடுத்து அனுப்பினாங்க. பத்தே நாள்ல லெட்டர் வந்துச்சு. "மூன்றாவது தூணின் அருகில் நிற்பவர் காணப்படவில்லை. எப்போது அகற்றப்பட்டார்? யாருடைய அனுமதியுடன்?"

– விளையாடறாங்களா?

– இலாகாவுல யாரும்மா விளையாடுவாங்க. அப்ப இருந்த மேனேசரு வெலவெலத்துப் போயிட்டாரு. நான் பின்னாடி வண்டி நிறுத்தற இடத்துல விசில் ஊதிட்டிருந்தேன். வா இங்க, ஒரு கால மடக்கித் தூண்ல வச்சு நில்லுன்னாரு. ஒரு நாள் வேலைதானேன்னு நின்னேன். வேலியில போன ஓணானை எடுத்து மடியில கட்டிக்கிட்டேன்.

– வருஷத்துக்கு ஒரு நாள்தானே படம்?

– படம் ஒரு நாள்தான். ஆனா இலாகாக்காரங்க எந்த நாள் வேணும்னாலும் சொல்லாமக் கொள்ளாம வந்து பாப்பாங்களாம். அதனால தினமும் ஒன்பதுல இருந்து அஞ்சு வரைக்கும் நிக்கணும்னு ஆயிடுச்சு.

– வந்தாங்களா?

– பதினேழு வருசத்துல ரெண்டே ரெண்டு தடவை. ரெண்டாவது தடவை வந்தப்ப நான் ஒண்ணுக்குப் போயிருந்தேன். "பாதுகாக்கப்பட்ட தோற்றத்தில் இடைவெளி"ன்னு எழுதி வச்சுட்டுப் போயிட்டாங்க. அந்த இடைவெளிக்கு விளக்கம் எழுதியே மூணு மாசம் ஓடுச்சு.

– சிரிக்க வைக்காதீங்கண்ணே, ஸ்டாண்டு ஆடுது.

– நீ நல்லாச் சிரி. எனக்கும் பொழுது அப்படித்தான் போகும். ஒரு அம்மா தினமும் மத்தியானம் வந்து, நான் சிலைன்னு நினைச்சுக்கிட்டு, மாமியார் கதையெல்லாம் என்கிட்ட சொல்லிட்டிருந்துச்சு. எட்டு மாசம் கேட்டேன். ஒரு நாள் அடக்க முடியாம இருமிட்டேன். அலறிட்டு ஓடினது இன்னைக்கு வரைக்கும் இந்தப் பக்கம் தலை காட்டல. அப்புறம் அந்த மாமியாருக்கு என்ன ஆச்சோ.

– உள்ள போய்ப் படம் கிடம் பாப்பீங்களா?

– உள்ள போயே வருசக்கணக்காச்சு. ஒண்ணுக்குக்கூட எதிர்ல இருக்கிற பெட்ரோல் பங்குக்குத்தான் ஓடறது, அதான் கிட்ட. உள்ள எப்படி இருக்கு, நீ பாத்தியா?

– காலைல ஒரு சுத்துச் சுத்தினேன். நீதிபதி உக்காந்த மேடை இருக்கில்ல, அங்கதான் ரெண்டாம் நம்பர் திரை. குற்றவாளிக் கூண்டுக்குள்ள சோளப்பொரி விக்கறாங்க. கைதிங்களை அடைச்சு வைக்கிற அறையில இப்ப குழந்தைங்க ஊஞ்சல். கம்பி மட்டும் அப்படியே இருக்கு. உள்ள விட்டுப் பூட்டிட்டு அப்பா அம்மா கடைக்குப் போயிடறாங்க.

– அடப்பாவமே.

– குழந்தைங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்காம்.

– இருக்கட்டும். எனக்கு இன்னைக்கு எதைக் கேட்டாலும் மனசு குளிருது. பதினொன்றரை மணி பஸ்ஸுக்கு நான் கிளம்பறேன். ஒரேயடியா.

– எங்க கிளம்பறீங்க?

– மக வீட்டுக்கு. ஒரே மக. அவ அம்மா போய்ச் சேந்ததுல இருந்து எனக்கு அவதான், அவளுக்கு நான்தான். மாப்பிள்ளைக்கு வெளியூர் வேலை. இவ ஆஸ்பத்திரில நர்சு. ரெண்டு வயசுல பேரன் இருக்கான். "அப்பா, நீ நின்னது போதும், வந்து என் வீட்ல உக்காரு"ங்கறா. உக்காருன்னு ஒரு ஆளு என்கிட்ட சொல்லிப் பதினேழு வருசமாச்சு தங்கச்சி. ஃபோனைக் காதுல வச்சுக்கிட்டே அழுதுட்டேன்.

– அவங்க கல்யாணத்துக்காவது லீவு கொடுத்தாங்களா?

– ஞாயித்துக்கிழமையா பாத்து வச்சோம், அன்னைக்கு இலாகாவுக்கே லீவுதானே. ஆனா ஆல்பத்தைப் பாக்கணும் நீ. எல்லாப் படத்துலயும் நான் ஓரமா, ஒரு கால மடக்கிச் சுவத்துல வச்சுத் தலையை ஆட்டிக்கிட்டு நிக்கறேன். பொண்ணோட அப்பாவுக்கு ஏதோ கோளாறுன்னு சம்பந்தி வீட்ல பேசிக்கிட்டாங்களாம்.

– தலையை எதுக்கு ஆட்டணும்?

– பழைய படத்துல அவன் தலை கலங்கித் தெரியுதுல்ல?

– ஆமா, அசைஞ்சிருக்கான்.

– அந்தக் கலங்கலும் அதே அளவு இருக்கணும்னு இலாகாவுல எழுதிட்டாங்க. மூணே மூணு ஆட்டு, மெதுவா, மாடு அசை போடற மாதிரி. அது பிடிபடவே எனக்கு ரெண்டு வருசம் ஆச்சு.

– அப்ப நீங்க போன பிறகு யாரு நிப்பாங்க?

– இந்த மேனேசரு ஆள் பாத்துட்டேன்னு சொல்லியிருக்காரு. இன்னைக்குப் படத்துலயே அந்தப் புது ஆளை நிக்க வச்சு அனுப்பறாங்க. இப்பல்லாம் படம் ஃபோன்லயே போயிடுதில்ல, பஸ்ஸுக்குள்ள இலாகா சரின்னுட்டா விடுவிப்பு லெட்டர் என் கைக்கு வந்துடும். சரின்னு வரலேன்னா அடுத்த வருசம் இதே தேதி வரைக்கும் நான் அசைய முடியாது. அதனால அளவெல்லாம் என்னை வச்சு நல்லாப் பாத்துக்கோ. அதோ, அவரே வர்றாரு. தோள்ல என்னது அது? யாராவது மயங்கி விழுந்துட்டாங்களா?

– மேடம், வணக்கம் மேடம். அதாவது, தாமதத்துக்கு மன்னிக்கணும். நகரும் படில இறங்கிடலாம்னு பாத்தா, படத்துக்காக அதை நிறுத்தச் சொன்னதே நான்தான். மூணு மாடி, தோள்லயே தூக்கிட்டு இறங்கினேன்.

– மேனேஜர் சார், இது துணிக்கடை பொம்மை.

– அதாவது, பொம்மைன்னு நினைச்சா பொம்மை, நிக்கிற ஆள்னு நினைச்சா நிக்கிற ஆள். லீவு கேக்காது. பெட்ரோல் பங்குக்கு ஓடாது. பெரியவரே, நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது.

– நான் என்ன சார் எடுத்துக்கப் போறேன். ஆனா இதுக்குத் தலையைக் காணோமே.

– தலை வச்ச பொம்மையெல்லாம் தள்ளுபடி வாரத்துக்காகக் கடை வாசல்ல நிக்குது, தர மாட்டேன்னுட்டாங்க. மேடம், நீங்களே சொல்லுங்க, பழைய படத்துல தலை தெளிவாவா இருக்கு? கலங்கலாத்தானே இருக்கு?

– கலங்கலா இருக்கிறது வேற, இல்லாமலே இருக்கிறது வேற சார்.

– அதுக்கும் ஏற்பாடு இருக்கு. பொரி டப்பா. பெரிய சைசு. கழுத்துல கவுத்து, மேல துணியைச் சுத்திட்டா யாருக்குத் தெரியப் போகுது?

– டப்பாவுல படத்தோட பேர் இருக்கு.

– பின்பக்கம் திருப்பிக்கலாம் மேடம்.

– பின்பக்கம் "ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்"னு இருக்கு.

– துணியை நல்லா இறக்கிக் கட்டுவோம்.

– சார், நான் குறுக்க பேசறேன்னு நினைக்காதீங்க. டப்பா எப்படித் தலையாட்டும்?

– அதாவது, டப்பாவுல ஒரு நூல் கட்டியிருக்கேன் பெரியவரே. நீங்க தூணுக்குப் பின்னாடி நின்னு இழுக்கணும்.

– நான் ஊருக்குப் போன பிறகு யாரு இழுப்பா?

– அதுக்கு ஒரு ஆளைப் போட்டுக்கலாம்.

– சார், நூலை இழுக்க ஒரு ஆள் போடறதுக்கு, அந்த ஆளையே முன்னாடி நிக்க வச்சிடலாமே.

– நிக்கறதுக்கு ஆள் கிடைக்கல மேடம். மூணு மாசமாத் தேடறேன். ஓடியாடி வேலை செய்யறதுக்கு நூறு பேர் வர்றாங்க. சும்மா நிக்கணும்னதும் கும்பிடு போட்டுட்டுப் போயிடறாங்க. ஒருத்தர் வந்தார், நல்ல உயரம், நல்ல ஆள். ஒன்றரை மணி நேரம் நின்னார். அதுக்குள்ள தன் வாழ்க்கையைப் பத்தி யோசிக்க ஆரம்பிச்சிட்டாராம். அழுதுட்டே போயிட்டார்.

– ஆரம்பத்துல அப்படித்தான் சார் இருக்கும். ஆறு மாசத்துல யோசனையெல்லாம் தீந்துடும். என்கிட்ட விட்டிருந்தா நான் எடுத்துச் சொல்லியிருப்பேன்.

– நீங்களே நிக்கலாமே மேனேஜர் சார்? உயரமாத்தானே இருக்கீங்க.

– நானா? மேடம், என்னால அஞ்சு நிமிஷம் ஒரு இடத்துல இருக்க முடியாது. பல் டாக்டரே என்னை வேண்டாம்னுட்டார்.

– சரி, நிழல் மூணாவது படிக்கு வந்தாச்சு. பேசிட்டே இருந்தா வெளிச்சம் போயிடும். போர்டு விளக்கை அணைக்கச் சொல்லுங்க. காபிக்கடைக் குடையை மடக்கச் சொல்லுங்க. மேல அந்தப் பேனரைச் சுருட்டினது சரியில்ல, கதாநாயகனோட ஒரு கால் மட்டும் தொங்குது.

– காலை எடுக்கச் சொல்றேன் மேடம். ஏய், மேல யாரு, அந்தக் காலை எடு. எடுத்தாச்சு.

– அண்ணே, தூணுக்குப் பின்னாடி போங்க. முழங்கை தெரியுது. இப்ப வயிறு தெரியுது. இப்ப சரி.

– தங்கச்சி, உள்ள காலைக் காட்சி ஆரம்பிச்சாச்சு. சண்டை நடக்குது.

– உங்களுக்கு எப்படித் தெரியும்?

– பதினேழு வருசமா முதுகால படம் பாக்கறவன் நான். சண்டைன்னா தூண்ல டம்டம்னு வரும். பாட்டுன்னா இதமாச் சொறிஞ்சு விடற மாதிரி இருக்கும். யாராவது சாகக் கிடந்தா அப்படியே அடங்கிடும். ஆனா ஒருத்தர் முகத்தையும் பாத்ததில்ல.

– இது கல் தூணுன்னுதானே சொன்னாங்க? கல்லு இப்படியா அதிரும்?

– மேடம், அதை மட்டும் கேக்காதீங்க. அதாவது, படத்தை எடுங்க.

– எடுக்கறேன். ஒண்ணு. ரெண்டு. இழுங்கண்ணே. மூணு. மெதுவா இழுங்க. நாலு. அஞ்சு. டப்பா விழுந்துடுச்சு.

– விழட்டும் மேடம், எடுத்துட்டே இருங்க. அசையறதெல்லாம் கரைஞ்சிடும்னு பழைய படக்காரர் சொல்லியிருக்கார்.

– அது விழுந்து உருண்டு ரெண்டு செகண்டு அசையாமக் கிடந்துச்சு சார். அது நல்லாவே வரும். எட்டு. முடிஞ்சது. பாருங்க.

– அட, பிரமாதம். கூட்டமே இல்ல. அப்படியே அந்தக் காலத்துக் கோர்ட்டு. தலை மட்டும் கொஞ்சம் கீழ்ப்படியில இருக்கு.

– இதை நான் இலாகாவுக்கு அனுப்ப மாட்டேன். ஸ்டூடியோவுல முப்பத்திரண்டு பாஸ்போர்ட் சைசுக்குக்கூட தலையை இருக்க வேண்டிய இடத்துல வச்சு எடுத்தவ நான்.

– இன்னொண்ணு எடுக்க முடியாதா மேடம்?

– நிழல் தாண்டிடுச்சு. இனி நாளைக்கு எடுத்தா தேதி தப்பு.

– அனுப்பு தங்கச்சி. எனக்காக அனுப்பு. இலாகாவுல கண்ணாடியைத் தேடி எடுத்துப் போடறதுக்குள்ள சரின்னு சொன்னாலும் சொல்லிடுவாங்க. பேரன் காலைல இருந்து தாத்தா தாத்தான்னு வாசக்கதவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறானாம். நிக்கற வேலை என்னோட போகட்டும்மா.

– சரிண்ணே. உங்களுக்காக. போயிடுச்சு.

– அதாவது, ஃபோன் வருது. இலாகாதான். பதினேழு வருஷத்துல இவங்க உடனே கூப்பிட்டதா ஃபைல்லயே இல்ல. வணக்கம் சார். கிடைச்சுதா சார். தலையா சார்? அது நிழல் சார். இலவசம்னு எழுதியிருக்கா? சார், ஒரு நிமிஷம். ஃபைலைத் திறந்துட்டீங்களா? மொத்த ஃபைலையுமா? எஞ்சினியர் ரிப்போர்ட்டா? அது நாலு வருஷத்துக்கு முந்தினதாச்சே. இப்பதான் படிக்கறீங்களா. ஆமா சார், தூணுக்குள்ள காலிதான், ஸ்பீக்கர் வயர் போகுது. படி மாத்தினது சார். கடிகாரம் ஃபைபர் சார். ஜன்னலா? அது ஜன்னல் இல்ல சார், ஜன்னல் மாதிரி வரைஞ்சிருக்கோம். ஆமா சார். அவரையா சார்? திரும்பச் சொல்லுங்க. சரி சார். எழுத்துல அனுப்பிட்டீங்களா. வந்துடுச்சு சார். வணக்கம் சார்.

– என்ன சார், விட்டுட்டாங்களா என்னை?

– உக்காருங்க பெரியவரே. இல்ல, நீங்க உக்காராதீங்க. நான் உக்காந்துக்கறேன்.

– சொல்லுங்க சார். உங்க முகமே வெளுத்துப் போச்சு.

– கட்டிடத்தைப் பட்டியல்ல இருந்தே எடுத்துட்டாங்க. முன்பக்கத்துல பழசுன்னு ஒரு செங்கல்கூட பாக்கி இல்லையாம். முதலாளி இனி இடிச்சுக்கலாம், இன்னும் பத்து மாடி ஏத்திக்கலாம், கேக்க ஆள் இல்ல.

– நல்லதாப் போச்சே. அப்ப படமும் வேண்டாம், ஆளும் வேண்டாம். அண்ணே, பையை எடுத்துட்டுக் கிளம்புங்க.

– பொறுங்க மேடம், அடுத்த பத்தியைக் கேளுங்க. "எனினும், பழைய படத்துடன் ஒப்பிட்டுப் பார்த்ததில் இன்றுவரை மாறாமல் இருப்பது ஒன்றே ஒன்று எனத் தெரிய வருகிறது: மூன்றாவது தூணின் அருகில் நிற்பவர். பொம்மையை வைத்து அவரை அகற்ற இன்று நடந்த முயற்சியை இலாகா வன்மையாகக் கண்டிக்கிறது. பட்டியலில் கட்டிடம் இருந்த இடத்தில் இவர் சேர்க்கப்படுகிறார். இவரை இடிக்கவோ, நகர்த்தவோ, வண்ணம் பூசவோ கூடாது."

– வண்ணமா?

– தலைக்குச் சாயம் போடறதைச் சொல்றாங்க போல.

– நான் மாறலையாமா? நான் இங்க வந்து நின்னப்ப முடி கறுப்பா இருந்துச்சு. வயிறு கிடையாது. அவ அம்மா உயிரோட இருந்தா. சாயங்காலம் வீட்டுக்குப் போனா முழங்காலுக்குச் சுடுதண்ணி ஒத்தடம் கொடுத்துக்கிட்டே திட்டுவா. எல்லாமே மாறிப் போச்சு சார்.

– படத்துல அதெல்லாம் தெரியாதுண்ணே.

– என் பஸ்ஸு என்ன ஆச்சு சார்?

– அதாவது, நகர்த்தக் கூடாதுன்னு இருக்கு பெரியவரே. நான் என்ன பண்ண முடியும்?

– சார், நான் யார்கிட்டயும் கோபப்பட்டதில்ல. கோபப்பட்டாத் தலை நாலாவது தடவை ஆடிடும்னு பயந்தே அடக்கி வச்சிருந்தேன். இப்ப வருது. என் மக என்னை உக்காரக் கூப்பிட்டிருக்கா. நான் போகத்தான் போறேன்.

– பொறுங்கண்ணே, வாய்க்கு வந்ததைப் பேசிடாதீங்க. சார், லெட்டருக்குக் கீழ ஏதோ படிவம் இருக்கே. ஃபோனைக் கொடுங்க.

– அது இன்னைக்கே நிரப்பி அனுப்பணுமாம் மேடம். முதல் கேள்வி உரிமையாளர் பேர். நம்ம நிறுவனத்தோட பேரைப் போட்டுடலாம்.

– போடக் கூடாது. இங்க பாருங்க, பொடி எழுத்துல இருக்கு. "உரிமையாளர் தன் சொந்த முகவரியில் வைத்துப் பாதுகாக்க விரும்பினால், எடுத்துச் செல்ல அனுமதி உண்டு." உங்க பேரைப் போட்டா இவரை இந்த இடிபாட்டுக்குள்ளயே நிக்க வச்சிடுவீங்க. இவரை எங்க வாங்கினீங்க? ரசீது இருக்கா?

– வாங்கலைதான். ஆனா நாங்கதானே பராமரிச்சோம். ஷூகூட கொடுத்தோம்.

– ஒத்தை ஷூ, தங்கச்சி. மடக்கி வச்ச காலுக்கு எதுக்குன்னு கேட்டாங்க.

– கேட்டீங்களா சார்? அண்ணே, நீங்க சொல்லுங்க. உங்களுக்கு உரிமையாளர் யாரு?

– என் மகதான். பேச்சு வந்த நாள்ல இருந்து எங்கப்பா, எங்கப்பான்னுதான் சொல்றா. வேற ஒருத்தரும் என்னைத் தன்னோடதுன்னு சொன்னதில்ல.

– அதுக்குச் சாட்சி கேப்பாங்க பெரியவரே.

– தெருவே சாட்சி சார். பக்கத்து வீட்டுப் பிள்ளைங்களோட சண்டை போடறப்பகூட அதைச் சொல்லித்தான் கத்துவா.

– எழுதுங்க மேனேஜர் சார். உரிமையாளர், மகள்.

– எழுதறேன் மேடம். எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா. என்னை யாராவது எடுத்துட்டுப் போறதா இருந்தா கையெழுத்துப் போட வருவாளான்னு தெரியல. சரி, அடுத்தது. "கட்டப்பட்ட ஆண்டு?"

– ஊர்ல பெரிய வெள்ளம் வந்த வருசம்.

– "கட்டியவர்?"

– எங்கப்பா. அம்மாவையும் சேத்துக்கோங்க, அவங்கதான் சுமந்தாங்க.

– "பயன்படுத்திய பொருட்கள்?"

– அதை விடுங்க சார், தங்கச்சி பக்கத்துல இருக்கு.

– "பின்னாளில் சேர்க்கப்பட்ட பகுதிகள்?"

– மேல்வரிசைல ரெண்டு பல்லு.

– "விரிசல், சிதைவு, நீர்க்கசிவு?"

– குதிகால்ல வெடிப்பு. இடது முழங்கால் தேய்மானம். நீர்க்கசிவுன்னா, மகளைப் பத்திப் பேசினா கண்ணுல வரும்.

– "பொதுமக்கள் பார்வை நேரம்?"

– பேரன் தூங்கற நேரம் போக எப்ப வேணும்னாலும்.

– முடிஞ்சது. அனுப்பிட்டேன்.

– மணி பத்தரைதான் ஆகுதுண்ணே. உடனே பதில் வந்தா பஸ்ஸைப் பிடிச்சிடலாம்.

– வந்துடுச்சு மேடம், அவரேதான். வணக்கம் சார். ஆமா சார், உரிமையாளர் மகள்தான். தெருவே சாட்சி சார். ரொம்ப நன்றி சார். இன்னைக்கே போகலாமா? சரி சார். என்னது சார்? அது வெறும் காலி சார், பழசே இல்ல. பதினெட்டு அடி சார். இல்ல சார், மறுத்துப் பேசல. புரியுது சார். ஏற்பாடு பண்ணிடறேன். வணக்கம் சார்.

– என்ன சார்?

– பெரியவரே, நீங்க போகலாம். அனுமதி கிடைச்சாச்சு.

– நீங்க நல்லா இருக்கணும் சார். தங்கச்சி, நீயும் நல்லா இருக்கணும். நான் வர்றேன்.

– அதாவது, ஒரு சின்ன விஷயம். பட்டியல்ல உங்க பேர் இல்ல. "மூன்றாவது தூணின் அருகில் நிற்பவர்"னு மட்டும்தான் இருக்கு. தூண் பக்கத்துல இல்லாட்டி அது நீங்கதான்னு எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னு கேக்கறார். அதனால ரெண்டும் சேந்து ஒரே உருப்படி, எங்க போனாலும் சேந்துதான் போகணுமாம். கிரேனுக்குச் சொல்லிடறேன், நாளைக்குச் சாயங்காலம் தூண் உங்க மக வீட்டுக்கு வந்துடும். மேடம், அடுத்த வருஷம் இதே தேதி உங்களுக்கு வேலை அங்கதான்.

– சார், இது அநியாயம். அண்ணே, யாருக்கு ஃபோன் போடறீங்க?

– அலோ, அம்மாடி, அப்பாதான். கிளம்பிட்டேன், கிளம்பிட்டேன், சாயங்காலம் வந்துடுவேன். பேரன்கிட்ட அப்புறம் குடு, முதல்ல ஒண்ணு சொல்லு. உன் வீட்டுக் கூடத்துல கூரை எத்தனை அடி உசரம் இருக்கும்?